இறப்பருக்கு அரிசி: வளரும் நாடுகள் தமக்குள் கைகோத்த கதை (கேள்வி பதில்)

வளரும் நாடுகள் ஒன்றோடொன்று செய்துகொண்ட வர்த்தக, அரசியல் ஏற்பாடுகளைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டு, மற்றவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் களுத்துறை மாவட்டத்து இறப்பர் தோட்டமொன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். முப்பது ஆண்டுகள் உயர்தர மாணவர்களுக்குப் பொருளியல் கற்பித்தவன். இறப்பரைத் தொட்ட கேள்விகளுக்கு வேண்டுமென்றே நீட்டி எழுதியிருக்கிறேன்.

திருச்சி, கல்லூரி மாணவி: ஐயா, பாடத்தில் "தெற்கு–தெற்கு ஒத்துழைப்பு" என்று வருகிறது. சீனாவும் இந்தியாவும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கேதானே இருக்கின்றன?

வரைபடத்தைப் பார்த்து வைத்த பெயர் இல்லை, மகளே. ஆஸ்திரேலியா தென்கோடியில் இருக்கிறது, ஆனால் இந்தத் "தெற்கில்" அதற்கு இடமில்லை. காலனி ஆட்சியிலிருந்து மீண்ட நாடுகளையும், மூலப்பொருளை விற்று இயந்திரத்தை வாங்கும் நிலையில் நெடுங்காலம் இருந்த நாடுகளையும் சேர்த்துச் சொல்லும் பெயர் இது. 1955 ஏப்ரலில் இந்தோனேசியாவின் பண்டுங் நகரில் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் 29 கூடின. அதற்கு முந்தைய ஆண்டு கொழும்பில் ஐந்து பிரதமர்கள் கூடிய மாநாட்டில்தான் அந்த யோசனை முளைத்தது. 1978இல் புவனஸ் ஐரிஸில் இதற்கென ஒரு செயற்திட்டம் நிறைவேறியது. அது நிறைவேறிய செப்டம்பர் 12ஐ இன்று ஐ.நா. இந்த ஒத்துழைப்புக்கான நாளாகவே அனுசரிக்கிறது.

மட்டக்களப்பு, உயர்தர மாணவர்: சேர், இலங்கையும் சீனாவும் செய்துகொண்ட 1952ஆம் ஆண்டு இறப்பர்–அரிசி ஒப்பந்தத்தை எல்லோரும் பெரிதாகச் சொல்கிறார்கள். சாதாரணப் பண்டமாற்றுத்தானே அது?

சாதாரணம் இல்லை, தம்பி. அந்தக் காலத்தை ஒருமுறை கண்முன் கொண்டுவாருங்கள்.

கொரியப் போர் தொடங்கியதும் இறப்பர் விலை எகிறியது. அமெரிக்கா தன் கையிருப்பை நிரப்பிக்கொண்டதும் விலை சரிந்தது. அதே வேளையில் அரிசி விலை ஏறிக்கொண்டே போனது. இலங்கை உண்ட அரிசியில் பெரும்பகுதி கப்பலில் வந்த அரிசி. விற்கும் பொருள் மலிகிறது, வாங்கும் பொருள் ஏறுகிறது. நாங்கள் வகுப்பில் "வர்த்தக மாற்று விகிதம்" என்று கரும்பலகையில் எழுதுவதை, பங்கீட்டுக் கூப்பன் புத்தகத்தோடு கடை வாசலில் வரிசையில் நின்ற பெண்கள் எவரும் கற்பிக்காமலே அறிந்திருந்தார்கள்.

சீனாவுக்கு வேறொரு நெருக்கடி. போருக்குப் பயன்படும் பொருள்களைச் சீனாவுக்கு அனுப்பக்கூடாது என்று 1951 மே மாதம் ஐ.நா. பொதுச்சபை பரிந்துரைத்தது. இறப்பர் அதில் அடங்கும். பிரித்தானியாவின் கையிலிருந்த மலாயாவிலிருந்து வரத்து நின்றது. இலங்கையோ அப்போது ஐ.நா. உறுப்பு நாடே இல்லை. 1955 டிசம்பரில்தான் சேர்ந்தது. அந்தத் தீர்மானம் நம்மைக் கட்டுப்படுத்தவில்லை.

கொழும்பில் இருந்தது பிரதமர் டட்லி சேனாநாயக்காவின் அரசு. கம்யூனிசத்தை எதிர்த்து வாக்குக் கேட்டு வந்த அரசு. அந்த அரசின் வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனாநாயக்க பீக்கிங் (இன்றைய பெய்ஜிங்) போய்ப் பேசினார். 1952 டிசம்பர் 18 அன்று ஐந்தாண்டு ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் போகும், 270,000 தொன் அரிசி வரும். எங்கள் நாட்டு இறப்பர் விளைச்சலில் ஏறத்தாழப் பாதி அது. அதற்குச் சிங்கப்பூர்ச் சந்தை விலையைவிடக் கூடுதலாகத் தரச் சீனா ஒப்புக்கொண்டது. இரு நாடுகளுக்கும் அப்போது தூதரக உறவே கிடையாது. அது 1957இல்தான் வந்தது. தூதுவர் இல்லாமலே கப்பல்கள் போய்வந்தன. இதற்குக் கொடுத்த விலையும் உண்டு: அமெரிக்கா 1956 வரை இலங்கைக்கு உதவி தரவில்லை.

ஒன்றை மறைக்கக்கூடாது. ஒப்பந்தம் கைச்சாத்தாகி ஏழே மாதத்தில், 1953 ஜூலையில், பங்கீட்டு அரிசியின் விலையை அரசு அளவைக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. ஆகஸ்ட் 12 அன்று நாடே ஹர்த்தாலில் நின்றது. ஒக்டோபரில் டட்லி பதவி விலகினார். சீனாவிலிருந்து துறைமுகம்வரை அரிசியைக் கொண்டுவந்த அரசால், அங்கிருந்து பானைவரை அதை மலிவாகக் கொண்டுசேர்க்க முடியவில்லை.

ஆனாலும் ஒப்பந்தம் ஆட்சிகள் மாறிய பிறகும் நிலைத்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு 1982 வரை நடந்தது. காரணம் எளியது: சகோதரத்துவம் என்ற சொல்லுக்குக் கீழே தொன் கணக்கும் விலையும் எழுதப்பட்டிருந்தன. நான் கற்பித்த காலமெல்லாம் மாணவர்களிடம் முதலில் கேட்கச் சொன்ன கேள்வி இதுதான்: பிரகடனத்தில் எண் இருக்கிறதா?

குலசேகரம், ரப்பர் விவசாயி: எண்ணெய் நாடுகள் சேர்ந்து விலையை நிறுத்துகின்றன. ரப்பர் விளைவிக்கும் நாடுகள் ஏன் அப்படிச் செய்வதில்லை? இங்கே விலை விழுந்தால் பால் வெட்டுக்கூலிகூடக் கட்டுப்படியாகவில்லை.

முயன்றிருக்கிறார்கள், அண்ணாச்சி. தாய்லாந்து, இந்தோனேசியா, மலேசியா மூன்றும் இதற்கென ஓர் அமைப்பு வைத்திருக்கின்றன. 2019இல் ஏற்றுமதியை 240,000 தொன் குறைக்க முடிவெடுத்தார்கள். விலை ஓரளவு அசைந்தது, நிலைக்கவில்லை.

ஏன் என்பது உங்கள் தோட்டத்திலேயே இருக்கிறது. கன்று நட்டால் வெட்டுக்கு வர ஆறேழு ஆண்டு. 2011இல் விலை உச்சத்துக்குப் போனதும் எல்லா நாட்டிலும் நட்டார்கள். அந்த மரங்கள் பால் தரத் தொடங்கியபோது வாங்க ஆளில்லை. எண்ணெயை நிலத்துக்கடியில் விட்டுவைத்துக் காத்திருக்கலாம். மரத்தை வெட்டாமல் விட்டால், அன்றைக்கு வெட்டுகாரர் வீட்டில் உலை ஏறாது. சிறு விவசாயிகளே பெரும்பகுதியை விளைவிக்கும் பயிரில் "ஆறு மாதம் வெட்டாதே" என்று எந்த அரசால் சொல்ல முடியும்? மூன்று நாடுகள் குறைத்தால் அந்த இடத்தில் வியட்நாமும் ஐவரி கோஸ்டும் விற்கின்றன. போதாததற்குச் செயற்கை இறப்பர் வேறு.

இந்தியாவின் நிலை இன்னும் சிக்கல். அது விளைவிப்பதைவிட அதிகமாக உபயோகிக்கிறது. குலசேகரத்துக்கு விலை ஏற வேண்டும், டயர் ஆலைக்கு இறங்க வேண்டும். ஒரு நாட்டுக்குள்ளேயே நலன் இரண்டாகப் பிரிந்திருக்கும்போது வெளியே போய் ஒரே குரலில் பேசுவது கடினம். உங்கள் கோபம் நியாயமானது. அது முதலில் போக வேண்டிய இடம் டெல்லி.

சென்னை, வங்கி ஊழியர்: பிரிக்ஸ் நாடுகளின் (பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா, தென்னாப்பிரிக்கா) வங்கி உண்மையிலேயே சர்வதேச நாணய நிதியத்துக்கு மாற்றா?

ஒரு விஷயத்தில் ஆம். சர்வதேச நாணய நிதியத்தில் முக்கிய முடிவுகளுக்கு 85 சதவீத வாக்கு வேண்டும். அமெரிக்காவிடம் மட்டும் 16 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. கணக்கு உங்களுக்கே புரியும். 2014இல் பிரேசிலின் ஃபோர்தலேசாவில் ஒப்புக்கொண்ட புதிய அபிவிருத்தி வங்கியில் ஐந்து நாடுகளும் ஆளுக்கு 1,000 கோடி டொலர் என்று சமபங்கு ஏற்றன, வாக்கும் சமம். தலைமையகம் ஷங்காய், முதல் தலைவர் இந்தியாவின் கே.வி. காமத். ஆனால் அது சாலைக்கும் மின்சாரத்துக்கும் கடன் தரும் வங்கி. நாடு மூழ்கும்போது கைகொடுக்கும் நிதியத்தின் வேலையை அது செய்வதில்லை.

யாழ்ப்பாணம், ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்: தெற்கின் நட்பு என்று சொல்லித்தானே அம்பாந்தோட்டையைச் சீனாவிடம் கொடுத்தோம்?

அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது, கிடைத்தது 112 கோடி டொலர். அந்தப் பணம் துறைமுகக் கடனைத் தீர்க்கப் போகவில்லை. அந்தக் கடன் அப்படியே இருந்தது. பணம் அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குப் போனது. கையிருப்பை அரித்துக்கொண்டிருந்ததில் பெரும்பங்கு, சந்தையில் கூடிய வட்டிக்கு நாம் விற்ற டொலர் கடன்முறிகள். ஆகவே பழி முழுவதையும் பீக்கிங் மேல் போடுவதை நான் ஏற்கமாட்டேன். ஆனால் 1952இல் பேரம் பேசப் போனவர்கள் எதைக் கொடுக்கிறோம், எதை வாங்குகிறோம் என்று எண்ணிப் பார்த்துக் கைச்சாத்திட்டார்கள். துறைமுகத்துக்குக் கடன் வாங்கியபோது எத்தனை கப்பல் வரும் என்ற கேள்விக்கு அந்த அளவு கவனம் கொடுக்கப்படவில்லை. அந்தக் குறை நம்முடையது.

சிங்கப்பூர், கணக்காளர்: 2022 நெருக்கடியின்போது இலங்கைக்கு உண்மையில் யார் உதவினார்கள்?

பணத்தின் அளவில் இந்தியா முதலிடம்; கடனுதவி, நாணயப் பரிமாற்று (மத்திய வங்கிகள் நாணயத்தை மாற்றிக்கொண்டு குறுகிய காலத்துக்குத் தரும் கடன்), தவணை ஒத்திவைப்பு எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 400 கோடி டொலர். தமிழ்நாட்டு அரசு தனியே 40,000 தொன் அரிசி, 500 தொன் பால்மா, மருந்துகள் என்று அறிவித்து, மே 18 அன்று சென்னையிலிருந்து முதல் கப்பலை அனுப்பியது.

என் நெஞ்சைத் தொட்டது பங்களாதேஷ். 1971இல் பிறந்தபோது பிச்சைப் பாத்திரம் என்று உலகம் ஏளனம் செய்த நாடு. 2021இல் அது இலங்கைக்கு 20 கோடி டொலர் நாணயப் பரிமாற்றாகத் தந்தது. வேறொரு நாட்டுக்கு அது அப்படிக் கொடுத்தது அதுவே முதல் தடவை. 2022 ஏப்ரலில் நாங்கள் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த பிறகும், டாக்கா தவணையை நீட்டித்துக் காத்திருந்தது. 2023 செப்டம்பருக்குள் முழுவதும் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

கோயம்புத்தூர், மருந்துக் கடைக்காரர்: மருந்து விஷயத்தில் இந்த ஒத்துழைப்பு எதையாவது சாதித்ததா?

மற்ற எல்லாத் துறையையும்விட இங்கேதான் அதிகம். 2000ஆம் ஆண்டு வாக்கில் எச்.ஐ.வி.க்கான மூன்று மருந்துக் கூட்டுச் சிகிச்சை ஒரு நோயாளிக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டொலருக்கு மேல். ஆப்பிரிக்காவில் அதை வாங்க யாரால் முடியும்? 2001 பெப்ரவரியில் இந்தியாவின் சிப்லா நிறுவனம், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு 350 டொலருக்குத் தருவதாகச் சொன்னது. நாளொன்றுக்கு ஒரு டொலருக்கும் குறைவு. இந்தியாவின் 1970 காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்கு அல்லாமல் செய்முறைக்கு மட்டுமே காப்புரிமை தந்ததால்தான் அது முடிந்தது. அதே ஆண்டு ஏப்ரலில், தென்னாப்பிரிக்க அரசின் மீது 39 மருந்து நிறுவனங்கள் போட்டிருந்த வழக்கைத் திரும்பப் பெற்றன. நவம்பரில் டோஹாவில், மக்கள் உயிரைக் காக்க அரசுகள் காப்புரிமையை மீறி மருந்து செய்ய அனுமதிக்கலாம் என்பதை உலக வர்த்தக அமைப்பு ஒப்புக்கொண்டது. வளரும் நாடுகள் ஒன்றாக நின்று கேட்டதால் கிடைத்தது அது.

கோவிட் காலத்தில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2020 ஒக்டோபரில் இதே போன்ற விலக்கைக் கேட்டன. 2022 ஜூனில்தான் தடுப்பூசிக்கு மட்டும் சுருங்கிய ஒரு முடிவு வந்தது. இருபது மாதம். அதை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஹட்டன், ஆசிரியை: சேர், சீனாவுக்குப் போன அந்த இறப்பரை வெட்டிய எங்கள் சனத்துக்கு என்ன கிடைத்தது?

இந்தக் கேள்வி வரும் என்று காத்திருந்தேன், டீச்சர்.

என் தாத்தா இருட்டோடு, தொழிலாளர் கூடும் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு மலையேறுவார். வெயில் ஏறினால் பால் வடிவது நின்றுவிடும்; அதனால் விடியுமுன்னே வெட்டு. பட்டையில் சாய்வாக ஒரு மெல்லிய கீறல், கத்தி ஆழமாகப் போனால் மரம் கெட்டுவிடும், கூலியும் வெட்டுப்படும். கீறலின் அடியில் தேங்காய்ச் சிரட்டை. பாட்டி பாலை வாளியில் சேர்த்துக் கொட்டிலுக்குச் சுமப்பார். அங்கே அமிலம் விட்டு உறையவைத்து, உருளையில் அழுத்தி, புகை அறையில் தொங்கவிட்டால் தேன் நிறத்தில் ஷீட் வரும்.

1952இல் அந்த ஷீட்டுக்குப் பீக்கிங்கில் நல்ல விலை பேசப்பட்டபோது, தாத்தாவுக்கு வாக்குரிமை இல்லை. 1948 பிரசாவுரிமைச் (குடியுரிமை) சட்டம், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த மலையகத் தமிழரை நாடற்றவராக்கியிருந்தது. கூப்பன் அரிசி கிடைத்தது, அதை மறுக்கமாட்டேன். பாட்டி சாகும்வரை அதைச் "சீனத்து அரிசி" என்றுதான் சொன்னார்.

வளரும் நாடுகள் இரண்டு செய்துகொண்ட இன்னோர் ஒப்பந்தமும் எங்கள் வீட்டுக்குள் வந்தது. 1964 ஒக்டோபர் 30, இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்ற எங்கள் சனம் 975,000 பேர். அதில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம். மேலே நான் பாராட்டிய எண்கள் இங்கேயும் துல்லியமாக எழுதப்பட்டிருந்தன. அந்த மக்களில் ஒருவரையும் யாரும் கேட்கவில்லை. இரு நாடுகளின் நட்பைக் காக்கும் ஏற்பாடு என்று அதைப் பாடத்தில் எழுதியிருந்தார்கள். நான் அதை வகுப்பில் ஒருபோதும் அந்தச் சொற்களில் கற்பித்ததில்லை.

பெரியப்பா இந்தியப் பக்கம் போனார். தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, கடைசியில் கேரளத்தில் புனலூர் அருகே, தாயகம் திரும்பியவர்களுக்காக அரசு அமைத்த இறப்பர் தோட்டத்தில் வேலை கிடைத்தது. முதல் கடிதத்தில் எழுதியிருந்தார்: "இங்கேயும் இறப்பர்தான். கத்தி மட்டும் கொஞ்சம் வளைவு அதிகம்."