மிளகாயும் சேரமங்கையும்

அன்புள்ள ஐயா,

சோழர் காலத் தொடர்களில் சாப்பாட்டு இலையில் மிளகாய் கிடப்பதையும் அரண்மனையில் முகலாய வளைவுகள் நிற்பதையும் கண்டித்து எழுதியிருந்தீர்கள். பத்துத் தலை ராவணனை நாம் ஏற்றுக்கொள்ளவில்லையா? மிளகாயில் மட்டும் ஏன் இத்தனை கறார்? கதைக்கு உணர்ச்சிதானே முக்கியம்?

ஒரு வாசகர், கும்பகோணம்

அன்புள்ள நண்பருக்கு,

ராவணனையும் ராஜராஜனையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியவில்லை. புராணத்தை ஒவ்வொரு காலமும் தன் உடையில்தான் பார்த்திருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அவற்றில் சுந்தரர் கதை இருக்கிறது. சுந்தரர் அந்த ஓவியருக்கு வெகுகாலம் முந்தியவர். ஆனாலும் தம் காலத்து ஆடையையும் நகையையுமே அவருக்கு அணிவித்திருக்கிறார் ஓவியர். அதில் எனக்குக் குறை தெரியவில்லை. கண்முன் நடமாடிய மனிதர்களை அவர் உற்றுப் பார்த்திருக்கிறார்.

இன்றைய தொடர்களில் கதை நடக்கும் காலமும் இல்லை, நம் காலமும் இல்லை. காலண்டர் படத்துக் கிரீடம், கல்யாண மண்டபத்துப் பட்டு, அவ்வளவுதான். மிளகாய் போர்ச்சுகீசியரோடு வந்தது. பெரிய கோயில் முடிந்த 1010க்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் பிந்தி. இது சின்னப் பிழைதான். அந்த அலட்சியம் எதையெல்லாம் பார்க்கவிடாமல் செய்கிறது என்பதே என் ஆற்றாமை.

ராஜராஜன் பல ஊர்க் கோயில்களிலிருந்து ஏறத்தாழ 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயிலில் ஆடிப் பணி செய்த பெண்களை, தஞ்சையில் குடியமர்த்தினான். ஆளுக்கு ஒரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல். எந்தத் தெரு, எந்தச் சிறகு (வீட்டு வரிசை), எத்தனையாவது வீடு என்று பெயரோடு கல்லில் வெட்டியிருக்கிறார்கள். தெற்குத் தளிச்சேரித் தென்சிறகின் தலைவீடு, திருவையாற்றிலிருந்து வந்த சேரமங்கைக்கு. தொடர்களில் இந்தப் பெண்கள் யார்? மன்னன் மது அருந்தும்போது பின்னால் ஆடும் பெயரில்லாத கூட்டம்! சொந்த ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று சேரமங்கை அழுதாளா, சொந்த வீடு கிடைத்ததென்று மகிழ்ந்தாளா? கல்வெட்டு சொல்லாது. கதாசிரியர் எழுத வேண்டிய இடம் அதுதான். உணர்ச்சி முக்கியம் என்கிறீர்களே, அது இங்கே கொட்டிக் கிடக்கிறது. அவள் பெயரைக்கூட வாசிக்காதவருக்கு எப்படிக் கிடைக்கும்?

உடைக்கு வருவோம். அதே கல்வெட்டுப் பட்டியலில் தையற்காரருக்கும் பங்கு உண்டு. ஆகவே அந்தக் காலத்தில் தைத்த துணியே கிடையாது என்று அடித்துப் பேசுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் அந்த ஓவியங்களிலும் செப்புத் திருமேனிகளிலும் பெண்கள் பெரும்பாலும் மேலாடையின்றியே நிற்கிறார்கள். அன்று அதில் வெட்கமும் இல்லை, விரசமும் இல்லை. திரையில் நடிகைக்கு ரவிக்கை வேண்டும் என்றால் தாராளமாகப் போடட்டும், அவர் உடல், அவர் விருப்பம். அதையே ‘ஆய்வு செய்து உருவாக்கிய சோழர் கால உடை’ என்று விளம்பரப்படுத்துவதைத்தான் என்னால் ஏற்க முடியாது.