புது மேட்டுப்பாத்தியில் கத்தரி நாற்று மஞ்சளாவது

அடியில் அட்டை, அதன் மேல் ஒரு முழத்துக்கு மாஞ்சருகும் மரத்தூளும், மேலே நான்கு விரல் மண். நட்ட கத்தரி நாற்று அடியிலையிலிருந்து மஞ்சளாகிறது என்று எழுதியிருந்தீர்கள். நோய் என்று நினைத்து மருந்து அடித்துவிடாதீர்கள். இது பெரும்பாலும் தழைச்சத்து (நைட்ரஜன்) பற்றாக்குறைதான். நீங்கள் போட்டதெல்லாம் காய்ந்த சரக்கு. அதை மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை முதலில் தாங்கள் எடுத்துக்கொள்ளும். மரத்தூள்தான் இதில் மோசம்.

பாத்தியைக் கலைக்க வேண்டாம். கடலைப் பிண்ணாக்கை இரண்டு நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து, வாரம் ஒரு முறை தூரில் ஊற்றுங்கள். நாற்றம் கொஞ்சம் இருக்கும், பக்கத்து வீட்டில் சொல்லிவிடுங்கள். புதுக் குருத்து பச்சையாக வந்தால் சரி. மஞ்சளான இலை திரும்பாது, கிள்ளிவிடலாம்.

அடுத்த பாத்திக்குச் சருகு மூன்று பங்கு என்றால், பசுந்தழையோ காய்கறிக் கழிவோ ஒரு பங்காவது வேண்டும். அடுக்குக்கு அடுக்கு சாணிக்கரைசல் தெளித்து, ஒன்றரை மாதம் ஆறப்போட்டு நடுங்கள். அப்புறம், அட்டையிலிருந்த பிளாஸ்டிக் டேப்பை உரித்தீர்களா? கோரைப்புல் இருக்கும் இடமென்றால் களையை அடக்க அட்டையை நம்பாதீர்கள், புல் குத்திக்கொண்டு வந்துவிடும். கிழங்கோடு தோண்டித்தான் எடுக்க வேண்டும். பாத்தியை வீட்டுச் சுவரை ஒட்டியும் போடாதீர்கள், கரையான் ஏறும்.