மூன்றாவதாக உட்காரப்போகும் பெண்ணுக்கு

கேள்வி: எனக்கு 17 வயது. சேலம் அம்மாப்பேட்டையில் பிளஸ் டூ படிக்கிறேன். தோழிகள் மூன்று பேரும் மணிக்கட்டில் ஒரே மாதிரி நட்சத்திரம் பச்சை குத்திக்கொள்வதாகப் பேசிவைத்திருந்தோம். ஒருத்தி முந்திக்கொண்டு, ஏற்காடு ஏரிப்பக்கம் நடைபாதைக் கடையில் 300 ரூபாய்க்குக் குத்திக்கொண்டாள். இரண்டு வாரமாகியும் அந்த இடம் சிவந்து, முடிச்சு முடிச்சாக இருக்கிறது. மஞ்சள் பூசி, முழுக்கைச் சுடிதாரில் மறைத்துவருகிறாள். வரும் ஞாயிறு நாங்கள் இருவரும் போவதாக இருக்கிறோம். ஸ்பிரிட் பஞ்சால் ஊசியைத் துடைத்துத்தான் குத்துகிறாராம். என் பாட்டியின் இரண்டு கைகளிலும் பச்சை இருக்கிறது, ஒன்றும் ஆகவில்லையே?

பதில்: முதலில் உன் தோழியைப் பார்ப்போம், கண்ணு. இரண்டு வாரத்துக்குப் பிறகும் முடிச்சு இருந்தால் அது ஆறுகிற புண் அல்ல. மையில் குழாய்த் தண்ணீரைக் கலந்தால், அதிலுள்ள ஒருவகைக் கிருமி தோலுக்குள் தங்கிவிடும். சாதாரண மாத்திரைக்கு அது அடங்காது. சில சமயம் மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டிவரும். மைக்கு ஒவ்வாமையாகவும் இருக்கலாம். எது என்று தோல் மருத்துவர்தான் சொல்லமுடியும். மஞ்சளை நிறுத்தச் சொல்.

இப்போது அந்த ஊசி. பஞ்சால் துடைப்பதால் கிருமி சாவதில்லை. ஈரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி காய்ந்த ரத்தத்திலும் 7 நாள் உயிரோடு இருக்கும். ஊசி புதிது என்றே வைத்துக்கொள். பாட்டில் மூடி அளவுள்ள மைக்கிண்ணத்தைக் கவனித்திருக்கிறாயா? ஊசி அதில் தோய்கிறது, தோலில் இறங்குகிறது, ரத்தத்தோடு திரும்பி அதே மையில் மறுபடி தோய்கிறது. அடுத்தவருக்கும் அதே கிண்ணம் என்றால், முன்னால் உட்கார்ந்தவர்களின் ரத்தம் உன் தோலுக்குள் போகிறது. பச்சை குத்தியவரிடம் ரத்த வங்கிகள் 12 மாதம் ரத்தம் வாங்காததும் இந்தப் பயத்தால்தான்.

பாட்டி நலமாக இருப்பது மகிழ்ச்சி. ஆனால் ஹெபடைடிஸ் சி கிருமியைக் கண்டுபிடித்ததே 1989-இல்தான். அவர் காலத்தில் பச்சை குத்திய எத்தனை பேருக்கு ஈரல் கெட்டது என்று யார் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்? வலியில்லாமல் பல வருடம் உள்ளேயே இருக்கும் நோய் அது. அதற்குத் தடுப்பூசியும் கிடையாது. ஹெபடைடிஸ் பி-க்கு உண்டு. குழந்தையில் உனக்குப் போட்டார்களா என்று அம்மாவிடம் தடுப்பூசி அட்டையைக் கேட்டுப் பார்.

உனக்கு அந்த நட்சத்திரத்தின்மேல் இருக்கும் ஆசையைக் குறைசொல்ல மாட்டேன். 18 வயது முடிந்த பிறகும் ஆசை மாறாவிட்டால், உன் கண்ணெதிரே உறை பிரித்த ஊசி, உனக்கென ஊற்றிய மை, புதுக் கையுறை, இவை மூன்றும் இருக்கும் இடத்துக்குப் போ. ஒன்று குறைந்தாலும் எழுந்து வந்துவிடு.

ஞாயிற்றுக்கிழமை மலை ஏறவேண்டாம். திங்கள் காலை சேலம் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு அவளோடு நீயும் போ. பச்சை குத்திய தேதியை மறைக்காமல் சொல்லுங்கள். எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சோதனைகளையும் கேளுங்கள். தொற்றிய முதல் சில வாரங்களில் தெரியாது என்பதால், மருத்துவர் சொல்லும் நாளில் மறுபடியும் எடுக்கவேண்டும். மருத்துவமனைக்குப் போகுமுன் அவள் தன் அம்மாவிடம் சொல்லியாக வேண்டும். பயந்தாள் என்றால், சொல்லும்போது நீ பக்கத்தில் இரு.