ராமானுஜனின் எண்களில், 1729 தவிர வேறு எந்தப் பெரிய எண்ணைப் பள்ளி மாணவர்களுக்குக் காட்டலாம்?

நான் தேர்ந்தெடுப்பது 67,46,32,83,88,800. ஆறே முக்கால் லட்சம் கோடிக்குச் சற்றே குறைவான இந்த எண், கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த ராமானுஜன் 1915-இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளியிட்ட நீண்ட கட்டுரையில், 102 எண்கள் கொண்ட அட்டவணையின் கடைசியில் நிற்கிறது. 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் வழங்கியதும் இந்த ஆய்வுக்காகத்தான்.

தன்னைவிடச் சிறிய எந்த எண்ணைக் காட்டிலும் அதிகக் காரணிகளை உடைய எண்களை, அதாவது மிகு பகு எண்களை, அவர் அதில் ஆராய்ந்தார். 12 அத்தகைய எண். அதற்கு ஆறு காரணிகள். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்று நெல் அளந்த நம் தஞ்சைப் பகுதியில், ஒரு கலத்தை இரண்டு, மூன்று, நான்கு, ஆறு பங்காக மரக்கால் குறையாமல் பிரிக்க முடிந்தது இதனால்தான். டெல்டா மாணவர்களுக்கு இங்கிருந்து தொடங்குவதே பொருத்தம் என்பேன்.

இனி அந்தப் பெரிய எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரிக்கச் சொல்லுங்கள். 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-உம் 7-உம் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19, 23 ஆகியவை ஒவ்வொரு முறை வரும். ஒவ்வோர் அடுக்குடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால், 7×5×3×3×2×2×2×2×2, அதாவது 10,080 காரணிகள் கிடைக்கும். பகா எண்கள் பெரிதாகப் பெரிதாக அடுக்குகள் இறங்கிக்கொண்டே போவதைக் கவனிக்க வேண்டும். அடுக்கு எங்கேனும் ஏறினால், அவ்விரண்டு அடுக்குகளையும் இடம் மாற்றி, அதே எண்ணிக்கையில் காரணிகளுள்ள சிறிய எண் ஒன்றை அமைத்துவிடலாம். 18-க்கும் ஆறு காரணிகள் இருந்தும் 12 அதை முந்திக்கொள்வது அப்படித்தான். கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 4, 36 ஆகிய இரண்டைத் தவிர மற்ற எல்லா மிகு பகு எண்களிலும் ஒன்றே என்பதையும் ராமானுஜன் நிறுவினார். அதன் நிறுவல் கடினமானது. பள்ளியில் முடிவை மட்டும் சொன்னால் போதும்.

அந்த அட்டவணையில் ஓர் எண் விடுபட்டிருக்கிறது: 2,93,31,86,25,600. தேற்றங்களுக்கு அதனால் எந்தக் குறையும் இல்லை. கடைசி எண்ணை 23-ஆல் வகுத்தால் கிடைப்பது இதே எண்தான் என்பதை மாணவர்களே தாளில் கணக்கிட்டுக் காணட்டும். 23 நீங்குவதால் காரணிகள் சரிபாதியாகி 5,040 ஆகின்றன. 5,040, 10,080 இரண்டுமே மிகு பகு எண்கள். ஆனால் இதைப் பொதுவிதியாகக் கொள்ள வேண்டாம். மிகு பகு எண்ணாகிய 48-க்குப் பத்துக் காரணிகள் இருக்க, 10-க்கு இருப்பவை நான்கே, 6-க்கும் அதே நான்கு.