மலத்தில் இரத்தம்: சூடா, மூலமா, பெருங்குடல் புண்ணா?

மும்பை மருத்துவமனை ஒன்றின் குடல் நோய்ப் பிரிவில் பல ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற நம் உறுப்பினர், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் எனப்படும் பெருங்குடல் புண் நோயைப் பற்றிய கேள்விகளுக்கு விடையளிக்கிறார்.

கேள்வி (டோம்பிவிலி): சிஸ்டர், எனக்கு வயது 27. ஆறு வாரமாக நாளுக்கு ஐந்து முறை பேதி. சளியும் இரத்தமும் கலந்து வருகிறது. லோக்கல் ரயிலில் ஏறவே அச்சமாக இருக்கிறது. உடல் சூடு என்று வீட்டில் மோரும் வெந்தயமும் கொடுக்கிறார்கள்.

பதில்: மோரால் கெடுதல் இல்லை. ஆறு வாரமாக வரும் இரத்தத்துக்குச் சூடு என்று பெயர் வைத்துவிட்டு வீட்டிலேயே இருப்பதில்தான் கெடுதல். பெருங்குடல் புண் நோயில் அழற்சி மலக்குடலில் தொடங்கி, இடையில் நல்ல பகுதி எதையும் விட்டுவைக்காமல், பெருங்குடலின் உட்சுவர் வழியே மேல்நோக்கிப் பரவுகிறது. புண்ணான மலக்குடலால் சிறிதளவு மலத்தைக்கூடத் தாங்கி வைத்திருக்க முடியாது. அதனால்தான் உணர்வு வந்த மறுநிமிடமே ஓட வேண்டியிருக்கிறது, போய் வந்த பிறகும் மிச்சம் இருப்பதுபோல் கடுப்பு எடுக்கிறது, சில வேளைகளில் ஒரு ஸ்பூன் சளியும் இரத்தமும் தவிர வேறொன்றும் வருவதில்லை. லோக்கலில் கழிப்பறை கிடையாது அல்லவா? எங்களிடம் வந்த ஓர் இளைஞர், கல்யாண் முதல் தாதர் வரை எந்த நிலையத்தின் எந்த நடைமேடையில் கழிப்பறை இருக்கிறது என்பதை மனப்பாடமாக ஒப்பித்தார். வயிற்று வலியைப் பற்றி நாங்கள் கேட்ட பிறகுதான் வாய் திறந்தார். இந்நோய் பெரும்பாலும் 15 முதல் 30 வயதுக்குள் தலைகாட்டும். இரவில் தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா, எடை குறைந்திருக்கிறதா, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்பதைக் குறித்துக்கொண்டு இந்த வாரமே குடல் நோய் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி (செம்பூர்): அப்பாவுக்கு வயது 62, மூலம் உண்டு. இப்போது வரும் இரத்தத்தையும் மூலம் என்றே கொள்ளலாமா?

பதில்: மூலத்தில் இரத்தம் பெரும்பாலும் மலம் கழித்த பின் சொட்டுச் சொட்டாகப் பளிச்சென்று விழும், மலத்தோடு கலக்காது. ஆனால் மூலம் உள்ளவருக்கு வேறு நோய் வராது என்று விதி இல்லை. மலக்குடலில் மட்டும் புண் உள்ளவருக்குப் பேதிக்குப் பதிலாக மலச்சிக்கலும் இரத்தமும் வருவதுண்டு. இந்த வயதில் புற்றுநோய் இல்லை என்பதையும் உறுதி செய்ய வேண்டும். ஆசனவாய் வழியே கேமரா குழாய் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபியைத் தள்ளிப் போடாதீர்கள்.

கேள்வி (தாராவி): அமீபா என்று மூன்று முறை மாத்திரை தந்தார்கள். நான்கு நாள் நின்று, மறுபடி வருகிறது.

பதில்: கிருமியால் வரும் சீதபேதி பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். பெருங்குடல் புண்ணோ தானாகவே தணிந்து தானாகவே கிளம்பும் இயல்புடையது. அது தணிந்த நாளில் பெயர் மாத்திரைக்குப் போய்விடுகிறது. அதற்காக அமீபாவை ஒதுக்கிவிடவும் முடியாது. நம் நாட்டில் அமீபாவும் குடல் காசநோயும் இல்லை என்று தெரிந்துகொள்ளாமல் அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தைத் தொடங்கினால் விளைவு மோசமாகலாம். மலப் பரிசோதனை, கொலோனோஸ்கோபி, அப்போதே எடுக்கும் சதைத் துணுக்குப் பரிசோதனை, இவை மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் மருத்துவர் முடிவு சொல்வார்.

கேள்வி (மாட்டுங்கா): அல்சர் என்றால் காஸ் மாத்திரை போதாதா?

பதில்: போதாது. அது இரைப்பைப் புண்ணுக்கானது, இது பெருங்குடல்.

கேள்வி (முலுண்ட்): பேதியோடு முழங்கால் வீக்கமும் கண் சிவப்பும் சேர்ந்து வருமா?

பதில்: வரும். முழந்தாளுக்குக் கீழே வலியுள்ள சிவந்த கட்டிகளும் தோன்றலாம். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். சிலருக்கு அவை குடல் புண்ணைக் கிளறிவிடும்.

கேள்வி (சயான்): எப்போது உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

பதில்: ட்ரூலவ், விட்ஸ் என்னும் இரு மருத்துவர்கள் 1955-இல் வகுத்த அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. நாளுக்கு ஆறு முறையோ அதற்கு மேலோ இரத்தத்துடன் போய், அதனுடன் நாடித்துடிப்பு 90-க்கு மேல், காய்ச்சல் 100 டிகிரிக்கு மேல், ஹீமோகுளோபின் 10.5-க்குக் கீழ் என இவற்றில் ஒன்று இருந்தாலும் அது கடுமையான நிலை. வயிறு உப்பி, தொட்டாலே வலித்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. அந்த நிலையில் பேதியை நிறுத்தும் மாத்திரையைத் தந்துவிடாதீர்கள்; குடல் ஊதிப் பெருத்துவிடும் ஆபத்து உண்டு.