திரையில் கூர்மை, கணினியில் மங்கல்

கொழும்பு காலி முகத்திடலில் பட்டம் விடும் பிள்ளைகளைக் கையால் குவிக்கும் பழைய மேனுவல் லென்ஸால் பின்திரையைப் பார்த்தே எடுத்தேன், சிவப்புக் கோடு விழுந்தும் கணினியில் எல்லாம் மங்கல் என்று எழுதியிருந்தீர்கள். கேமராவில் பிழை இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

அந்தச் சிவப்புக் கோடு (ஃபோகஸ் பீக்கிங், குவிந்த இடம் என்று கேமரா கருதுவதைத் திரையில் நிறமிட்டுக் காட்டும் வசதி) விளிம்பில் வெளிச்சமும் இருளும் மாறுபடுவதைத்தான் காட்டும். வெயிலில் சட்டைக் கரை, பட்ட வால் எல்லாவற்றிலும் தாராளமாக ஒட்டிக்கொள்ளும். லென்ஸ் துளையை எஃப்8 அளவுக்குச் சிறிதாக்கிக் குவித்தால் இன்னும் மோசம், பாதிப் படமே சிவக்கும். லென்ஸ் துளையை முழுதாகத் திறந்து, திரையைப் பெரிதாக்கி, பிள்ளையின் கண் இமையைப் பார்த்துக் குவியுங்கள். அப்புறம் எஃப்8-க்குப் போங்கள். ஓடும் பிள்ளையிடம் இது நடக்காது. அவன் வந்து நிற்கப்போகும் இடத்துப் புல்லில் முன்கூட்டியே குவித்துவிட்டுக் காத்திருங்கள்.

மாலையில் கடலைப் பார்த்து நின்றால் வெயில் கண்ணில் அடிக்கும், திரை இருண்டு தெரியும். தொப்பி போடுங்கள், திரை வெளிச்சத்தைக் கூட்டுங்கள்.

இன்னொன்று, கை நீட்டிப் பிடித்தால் கேமரா ஆடும். கழுத்துப் பட்டியை விறைப்பாக இழுத்துப் பிடியுங்கள். ஷட்டர் வேகம் 1/500 நொடியைவிட மெதுவாக வேண்டாம். நானும் இரண்டு மாதம் லென்ஸைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.