ஆக்ஸிமீட்டர் 97 காட்டுகிறது, பாதம் ஏன் எரிகிறது?

கேள்வி: வயது 58. சர்க்கரை நோய் 12 ஆண்டுகளாக உள்ளது, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். புகைப்பழக்கமும் உண்டு. ஆறு மாதமாக இரவில் இரண்டு பாதங்களும் எரிகின்றன, கால்விரல்கள் மரத்துப்போகின்றன. நரம்புக்கு ஆக்ஸிஜன் போதவில்லை என்கிறார்கள். ஆக்ஸிமீட்டரில் 97 சதவீதம் இருக்கிறது. வீட்டுக்கு ஆக்ஸிஜன் கருவி வாங்கினால் எரிச்சல் குறையுமா?

பதில்: குறையாது, வாங்காதீர்கள். நரம்புக்கு ஆக்ஸிஜன் போதவில்லை என்பதில் உண்மை உண்டு. ஆனால் தடை இருப்பது நுரையீரலில் அல்ல, நரம்புக்குள் ஓடும் நுண்ணிய ரத்தக்குழாய்களில்.

ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்ஸிஜனைச் சுமக்கிறது என்பதை மட்டுமே அந்த 97 சொல்கிறது. ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மி.லி. ஆக்ஸிஜனைச் சுமக்கும். ஹீமோகுளோபின் 15 கிராம் இருப்பவரின் 100 மி.லி. ரத்தத்தில் ஏறத்தாழ 20 மி.லி. இருக்கும், 8 கிராமே உள்ளவரிடம் 10 மி.லி.தான். இருவருக்கும் கருவி 97 காட்டும்! புகைப்பவரிடம் இன்னொரு ஏமாற்று: கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபினையும் சாதாரண ஆக்ஸிமீட்டர் ஆக்ஸிஜன் ஏறியதாகவே எடுத்துக்கொள்ளும்.

இனி நரம்புக்கு வருவோம். கீழ்முதுகிலிருந்து கால்விரல் வரை வரும் நரம்பிழை சுமார் ஒரு மீட்டர் நீளம். அதன் நெடுகிலும் சோடியம், பொட்டாசியத்தை இடம் மாற்றும் பம்புகள் ஓயாமல் இயங்க ஆக்ஸிஜன் வேண்டும். மூளையின் ரத்தக்குழாய்கள் ரத்த அழுத்தம் குறைந்தால் விரிந்து சமாளிக்கும். நரம்பின் நுண்குழாய்களுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. அழுத்தம் விழுந்தால் ஓட்டமும் விழும். நீண்டகாலச் சர்க்கரையில் இவற்றின் சுவர் தடித்து, உள்விட்டம் குறுகுகிறது. நரம்பின் உட்பகுதியில், கசிந்த நீரை வடிக்கும் நிணநீர்க் குழாய்களும் கிடையாது. அதனால் கசியும் நீர் தேங்கி, ஏற்கெனவே குறுகிய குழாய்களை மேலும் அழுத்துகிறது. சர்க்கரை நரம்பிழையை நேரடியாகவும் கெடுக்கிறது என்பதால், ஆக்ஸிஜன் குறைவு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது.

கருவி வைத்து 97-ஐ 100 ஆக்கினாலும் 100 மி.லி. ரத்தத்தில் கூடுவது ஏறத்தாழ ஒரு மி.லி.தான். குறுகிய குழாய் அதனால் விரியாது. நாள்பட்ட நுரையீரல் நோயில், ஓய்வாக இருக்கும்போதே 88 அல்லது அதற்கும் கீழே இருப்பவர்களுக்குத்தான் வீட்டு ஆக்ஸிஜன். அதுவும் தினமும் குறைந்தது 15 மணி நேரம். ஆக்ஸிஜன் ஓடும் அறையில் சிகரெட் பற்றவைத்தால் முகமே தீப்பிடிக்கும்.

உங்களுக்கு முதல் மருந்து புகையை விடுவதுதான். நிகோட்டின் குழாயைச் சுருக்குகிறது, கார்பன் மோனாக்சைடு ஆக்ஸிஜனின் இடத்தைப் பிடிக்கிறது. ஹீமோகுளோபின், எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), வைட்டமின் பி12 மூன்றையும் பாருங்கள். மெட்ஃபார்மின் நாளடைவில் பி12-ஐக் குறைக்கும், அதுவும் இதே எரிச்சலைத் தரும். கணுக்கால், கை ரத்த அழுத்த விகிதத்தையும் அளக்கச் சொல்லுங்கள். 0.9 அல்லது அதற்குக் கீழ் என்றால் பெரிய தமனியிலும் அடைப்பு. 1.4-ஐத் தாண்டினால் தமனிச் சுவர் கல்லாகியிருக்கலாம், அந்த எண்ணை நம்ப முடியாது. சத்தமாகக் குறட்டை விட்டு, பகலில் தூங்கிவழிந்தால் தூக்கப் பரிசோதனையும் தேவை. பகலில் 97 இருப்பவருக்கும் இரவில் அடிக்கடி இறங்கலாம்.

சர்க்கரையை அவசரமாக இறக்காதீர்கள். எச்பிஏ1சி மூன்று மாதத்தில் 2 புள்ளிக்கு மேல் சரிந்தால் சிலருக்கு நரம்பு வலி கடுமையாகிவிடும். எரிச்சலுக்கு டுலோக்ஸெடின், பிரீகாபலின் போன்றவை உண்டு. சிறுநீரகச் செயல்பாட்டைப் பார்த்தே அளவு முடிவு செய்வார்கள்.

ஒரு கால் மட்டும் திடீரெனக் குளிர்ந்து வெளிறினாலோ, பாதம் தொங்கினாலோ, புண் கறுத்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.